குளிர்காலப் பயிற்சி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும்

டொராண்டோவில் டிசம்பர் மாதம் மாலை 4:40 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது சாலையோரம் பனி குவிந்து கிடக்கும். வேலைக்கும் போய்க்கொண்டு சைக்கிள் பந்தயமும் ஓட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை பேஸ்மென்ட்தான் மைதானம். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் என்ற கருவியில் சைக்கிளைப் பூட்டி, வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் சுவரைப் பார்த்து மிதிக்கிறோம். ஏப்ரல் கடைசியில் 'பாரிஸ் டு ஆன்காஸ்டர்' வந்துவிடும். இந்தப் பாரிஸ் ஒன்ராறியோவில் உள்ள சிற்றூர். அங்கிருந்து சரளையிலும் சேற்றிலும் ஓடி, கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் முடிகிற பந்தயம் அது. அதற்குள் கால் தயாராகிவிட வேண்டும்.

நான் ஆறு குளிர்காலம் இப்படிக் கழித்திருக்கிறேன். முதல் இரண்டிலும் எது பிசகினாலும் பயிற்சி போதவில்லை, இன்னும் கூட்ட வேண்டும் என்றே முடிவுகட்டினேன். அநேகமாக ஒவ்வொரு தடவையும் காரணம் வேறாக இருந்தது. இப்போது ஏதாவது சரியில்லை என்றால் ஒரு வரிசையில் பார்க்கிறேன். முதலில் அறை, அப்புறம் கருவி, பிறகு சாப்பாடும் தூக்கமும், கடைசியில் பயிற்சித் திட்டம். கீழே உள்ளவற்றில் உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

வெளியே மிதித்த வாட் உள்ளே வரமாட்டேன் என்கிறது

அக்டோபரில் சாலையில் 240 வாட்டில் இருபது நிமிடம் போனவர், டிசம்பரில் பேஸ்மென்ட்டில் 220-க்கே மூச்சு வாங்குகிறார். இதற்கு முதல் காரணம் வெப்பம். மனித உடல் செலவழிக்கிற ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதியெல்லாம் சூடாகத்தான் வெளியேறுகிறது. 200 வாட் மிதிக்கிறவர் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை அறைக்குள் கொட்டுகிறார், ஒரு சின்ன ரூம் ஹீட்டர் அளவுக்கு. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். பேஸ்மென்ட்டில் காற்றே அசையாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க இதயம் வேகமாக அடிக்கிறது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. ஒரே வாட்டில் நாற்பது நிமிடம் மிதமாக மிதியுங்கள். பத்தாவது நிமிடத்தில் இதயத்துடிப்பு எவ்வளவு, நாற்பதாவது நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 135-ல் தொடங்கி 150-க்கு ஏறியிருந்தால் அறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேசை மின்விசிறி இதற்குப் போதாது. தரையில் வைக்கிற பெரிய ஃபேன் ஒன்றை நெஞ்சுக்கு நேராக வைத்து, பேஸ்மென்ட் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி குளிர் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். தொடங்கும்போதே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வெந்துவிடுவீர்கள்.

ஃபேன் வைத்தும் எண் வரவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். வெளியே எந்த பவர்மீட்டரில் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கிற கருவி) 240 பார்த்தீர்கள், உள்ளே எதில் 220 பார்க்கிறீர்கள்? கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், உள்ள மீட்டரும் டிரெய்னரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிற மீட்டர் என்றால் வித்தியாசம் இன்னும் கூடலாம், ஏனென்றால் நம் இரண்டு காலும் சமமாக உழைப்பதில்லை. பத்து நிமிடம் மிதித்து டிரெய்னர் சூடான பிறகு, அதன் அளவைச் சரிசெய்கிற ஸ்பின்டவுன் செய்யுங்கள். பவர்மீட்டருக்கு ஒவ்வொரு தடவையும் ஜீரோ ஆஃப்செட், அதாவது பூஜ்யத்தைச் சரிசெய்வது. சைக்கிளின் பின்சக்கரம் உருளையில் அழுந்துகிற பழைய வகை டிரெய்னர் என்றால் டயர் காற்றழுத்தமும் அழுத்தும் திருகும் தினமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை எண்ணை வியாழக்கிழமை எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பத்து வாட் வித்தியாசம் இருந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். உள்ளேயே ஒரு எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) சோதனை செய்து, உள் பயிற்சிக்கு அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். சோதனையிலும் கவனம் வேண்டும். இருபது நிமிடச் சோதனையில் சராசரியின் 95 சதவீதத்தை எடுக்கிறோம். வாட்டைப் படிப்படியாக ஏற்றி முடியாதவரை மிதிக்கிற ராம்ப் சோதனையில் கடைசி ஒரு நிமிடத்தின் 75 சதவீதத்தை எடுக்கிறோம். குறுகிய நேர வேகம் அதிகம் உள்ளவர்களுக்கு ராம்ப் சோதனை எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். பிறகு ஒவ்வொரு இன்டர்வலும் (இடையிடையே ஓய்வு விட்டுக் கடுமையாக மிதிக்கிற பகுதி) பாதியில் முறியும், அவரும் தன்னையே நொந்துகொள்வார். இந்த வருடம் ஒரு சோதனை, அடுத்த வருடம் இன்னொன்று என்று மாற்றவும் வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வல் முறியும்போது இதயத்துடிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிட மேலே இருந்தால் சூடு, நீரிழப்பு, வரப்போகிற காய்ச்சல் இவற்றில் ஒன்று. கால் எரிகிறது, ஆனால் துடிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் களைப்பு சேர்ந்திருக்கிறது, அல்லது வயிறு காலி. இரண்டாவது வகையில் அன்றைய பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவதுதான் சரி.

எர்க் முறையில் பெடல் இறுகி நின்றுவிடுகிறது

எர்க் முறையில் நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் டிரெய்னர் சொன்ன வாட்டைப் பிடித்துவைக்கும். களைப்பில் சுற்று குறைந்தால் அதை ஈடுகட்ட எதிர்ப்பைக் கூட்டும். எதிர்ப்பு கூடியதும் சுற்று மேலும் குறையும். நிமிடத்துக்கு 90 சுற்றில் இருந்தவர் சில நொடிகளில் 50-க்கு வந்து, அப்புறம் மிதிக்கவே முடியாமல் நிற்பார். அது உங்கள் பலவீனம் இல்லை, கருவி வேலை செய்யும் விதமே அப்படி. இன்டர்வல் தொடங்க ஐந்து நொடி இருக்கும்போதே சுற்றை 95-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இறுகத் தொடங்கினால் மல்லுக்கட்டாமல் எர்க்கை அணைத்து, காலை விடுவித்து, மறுபடி போடுங்கள். முப்பது நொடிக்கும் குறைவான வேக ஓட்டங்களுக்கு எர்க் வேண்டவே வேண்டாம். கருவி பிடித்து முடிப்பதற்குள் இன்டர்வலே முடிந்துவிடும்.

சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

டிரெய்னரும் சென்சார்களும் பேசுகிற ஆன்ட் பிளஸ், புளூடூத், அவற்றோடு வீட்டு வைஃபை மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. கணினியில் ஆன்ட் பிளஸ் சிக்னலை வாங்குகிற டாங்கிளை யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் மாட்டி டிரெய்னருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். புளூடூத் என்றால், பக்கத்தில் கிடக்கும் கைபேசி டிரெய்னரை முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பாதி நேரம் அதுதான் காரணமாக இருந்தது.

முட்டி வலிக்கிறது

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம், அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்திருக்கலாம். கோடை முழுக்க ஒன்றும் செய்யாத சைக்கிள் குளிர்காலத்தில் மட்டும் ஏன் வலிக்க வைக்கிறது என்று கேட்பீர்கள். டிரெய்னருக்கென்று பழைய சைக்கிளைப் பூட்டியிருப்பீர்கள். கிராங்க் நீளம் வேறாக இருக்கும், சீட்டின் வடிவமும் வேறு. வெளியே ஓட்டுகிறவர்களுக்குத் தடித்த குளிர்காலக் காலணியும் தடித்த பேன்ட்டும் சில மில்லிமீட்டரை மாற்றிவிடும். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு சைக்கிளுக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாற்றியபின் இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

முட்டியின் வெளிப்பக்கம் வலித்தால் காலணியைப் பெடலோடு பூட்டுகிற கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். டிரெய்னரில் சைக்கிள் அசையாமல் பூட்டப்பட்டிருப்பதால், சாலையில் இடுப்பு தானே செய்துகொள்கிற சிறு சரிசெய்தல்கள் இங்கே நடப்பதில்லை. கிளீட்டின் சின்னக் கோணல் ஒரு மணி நேரத்துக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் அதே இடத்தைப் போய் இழுக்கும்.

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் வருகிற வலியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்குவாட் செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை முழுக்க வலிப்பது இயல்பு. ஒரே புள்ளியில் குத்துகிற வலி இயல்பில்லை. பளு தூக்குவதை விட்டுவிடாதீர்கள், வாரம் இரண்டு நாள் போதும். சைக்கிள் எலும்புக்கு அதிர்ச்சி தராத விளையாட்டு. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது நன்றாகவே தெரிந்த செய்தி. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதற்காகவே குளிர்காலத்தில் பளு தூக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

உட்காரும் இடம் புண்ணாகிறது, கை மரத்துப்போகிறது

சாலையில் சிக்னலுக்கு நிற்கிறோம், பள்ளத்துக்கு எழுகிறோம், வளைவில் சாய்கிறோம். டிரெய்னரில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் எடை அழுந்துகிறது, கூடவே வியர்வையும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது நொடி எழுந்து மிதியுங்கள். மணி அடிக்க வைத்துக்கொண்டாவது செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் ஷார்ட்ஸைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை. சோபாவில் உட்கார்ந்து போனில் எண்ணைப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் புண் உருவாகிறது. கை மரத்தால் முன்சக்கரத்தின் அச்சு பின்சக்கரத்தின் அச்சு உயரத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் உடல் எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும்.

சைக்கிளே கெடுகிறது

சாலையில் வியர்வை காற்றில் போய்விடும். உள்ளே அது ஹேண்டில்பாரிலும் ஸ்டெம் திருகுகளிலும் ஹெட்செட்டிலும் சொட்டுகிறது. உப்பு நீர் அது. அலுமினிய ஹேண்டில்பாரை டேப்புக்கு அடியில் அரித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. என் இரண்டாவது குளிர்காலத்தின் முடிவில் டேப்பைப் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் பொடி படிந்து பள்ளம் விழுந்திருந்தது. அந்த ஹேண்டில்பாரோடு வசந்தத்தில் இறக்கத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஒரு துண்டைக் குறுக்கே கட்டுங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். மார்ச்சில் டேப்பைப் பிரித்துப் பார்க்காமல் சாலைக்குப் போகாதீர்கள்.

எப்போதும் களைப்பாக இருக்கிறது

இதைப் பற்றித்தான் நம்மவர்களோடு அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கூடுதல் பயிற்சியால் வந்த களைப்பு என்றால் ஒரு வாரம் குறைத்தாலே தெளியும். தெளியவில்லை என்றால் ரத்தத்தைப் பாருங்கள்.

எங்கள் குழுவில் ஒரு தங்கை சைவச் சாப்பாட்டுக்காரர். நன்றாக ஓட்டுவார். ஜனவரியில் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றார். "இன்னும் கொஞ்சம் கூட்டி ஓட்டிப் பார்க்கட்டுமா அண்ணா?" என்று என்னிடம் கேட்டார். குடும்ப மருத்துவரிடம் போய் ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்துள்ள இரும்பின் அளவைக் காட்டுவது) பார்க்கச் சொன்னேன். மிகவும் குறைவாக இருந்தது. அவர் மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கிற வழக்கம் உள்ளவர். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேநீர் உடலில் சரியாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் வைட்டமின் சி அந்த இரும்பு சேர உதவும். மாதவிடாய் உள்ள பெண்கள், சைவர்கள் இரு சாராரும் குளிர்காலத் தொடக்கத்திலேயே ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. ஆனால் சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இரும்பு அதிகமானாலும் உடலுக்குக் கெடுதல்.

அடுத்தது வைட்டமின் டி. டொராண்டோ ஏறத்தாழ 43.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நடுக்குளிர்காலத்தில் சூரியன் அவ்வளவு தாழ்ந்து போவதால், வெயிலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. நம்முடைய கறுத்த தோலுக்குக் கோடையிலேயே அதிக நேரம் வெயில் வேண்டும். 70 வயது வரை பெரியவர்களுக்கு நாளுக்கு 600 யூனிட் என்பது கனடாவின் பரிந்துரை, 4000 உச்ச வரம்பு. எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சாப்பாடு போதாமை. குளிர்காலத்தில் எடை குறைத்துவிட வேண்டும் என்று சோற்றைப் பாதியாக்கிவிட்டு, வாரம் மூன்று நாள் கடுமையான இன்டர்வல் செய்கிறவர்கள் பலர். முதல் மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே தெரியும். அப்புறம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சளி மாறி மாறி வரும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். உடலின் அடிப்படை வேலைகளுக்கே ஆற்றல் போதாத இந்த நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் ஆண்களையும் சேர்த்து விவரித்தது. மாதவிடாய் நிற்பதைப் பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதிக்கிற நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழம் 25 கிராம் போலத் தரும். பாட்டில் தண்ணீரில் நாற்பது கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்தால் போதும், விலை உயர்ந்த பொடி எதுவும் தேவையில்லை. பேஸ்மென்ட்டில் மிதித்ததும் பயிற்சிதான், அதற்கும் சாப்பிட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஜனவரியில் எண் நகரவில்லை

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள் என்றால், இப்போது திட்டத்தைப் பார்க்கலாம். முதலில் உங்கள் மெதுவான நாட்கள் உண்மையிலேயே மெதுவாக இருக்கின்றனவா? மெதுவான நாளுக்கான இரண்டாம் மண்டலம் என்பது எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம். போனில் முழு வாக்கியமாகப் பேசியபடி மிதிக்க முடிய வேண்டும். நேரம் குறைவாக இருக்கிறதே என்று அதை 80, 85-க்கு ஏற்றிவிடுவார்கள். செவ்வாயன்று 82, புதனன்று 84, வியாழனன்று ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் செயலியில் ஒரு பந்தயம், சனிக்கிழமை இன்னொன்று. எந்த நாளும் ஓய்வாக இல்லை, எந்த நாளும் உச்சமாகவும் இல்லை. வாரத்தில் இரண்டு கடினமான நாள், மற்றதெல்லாம் பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம் என்று ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். மெய்நிகர் பந்தயம் பிடிக்கும் என்றால் அதையே அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பாரத்தைப் பாதியாக்கும் வாரம் வேண்டும். அந்த வாரத்தில்தான் உடல் தேறுகிறது.

அப்புறம், கோடைப் பந்தயங்கள் முடிந்ததும் ஓய்வு எடுத்தீர்களா? இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாமல் இருந்தால் ரத்தத்தின் நீர்மப் பகுதி குறையும், எண் இறங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சில வாரத்தில் திரும்பி வருவது அதுதான். ஓய்வே எடுக்காமல் செப்டம்பரிலிருந்து தொடர்ந்தவருக்கு ஜனவரித் தேக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, ஜனவரியிலேயே எண் உச்சத்தில் இருக்க வேண்டிய அவசியமும் கிடையாது. பந்தயம் ஏப்ரல் கடைசியில்தான். கடுமையான இன்டர்வல்களை அதற்கு எட்டு, பத்து வாரம் முன்பு தொடங்கினால் போதும்.

சளி, காய்ச்சல், விடாத இருமல்

மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக அரை மணி நேரம் மிதிக்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஒரு நிமிடம்கூட வேண்டாம். காய்ச்சலோடு கடினமாக மிதித்தால், அபூர்வமாக என்றாலும், இதயத்தசை வீங்கிவிடும் ஆபத்து உண்டு. காய்ச்சல் விட்டபின்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். காய்ச்சலே இல்லாமல், வெளியே ஓட்டிவிட்டு வந்தபின் மட்டும் இருமல், நெஞ்சில் விசில் சத்தம் என்றால் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது என்று அர்த்தம். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, இருபது நிமிடம் மெதுவாகச் சூடேற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஆஸ்துமாவுக்கான சோதனை செய்ய வேண்டும்.

வெளியே போன நாளில் கால்விரல் மரத்துவிடுகிறது, பெடல் சும்மா சுற்றுகிறது

கால்விரல் மரத்ததும் இரண்டு சாக்ஸ் போடுவோம். காலணி இறுகி ரத்த ஓட்டம் நின்று இன்னும் மோசமாகும். ஒரே கம்பளி சாக்ஸ், கொஞ்சம் தளர்ந்த காலணி, மேலே உறை, இது போதும். விரல் வெளுத்து உணர்வே போய்விட்டால் தேய்க்காதீர்கள், வெதுவெதுப்பான இடத்துக்குப் போங்கள்.

பெடல் சும்மா சுற்றிச் சக்கரம் பிடிக்கவில்லை என்றால் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஃப்ரீஹப்பின் உள்ளே கிரீஸ் குளிரில் இறுகி, பற்கள் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் வைத்தால் சரியாகிவிடும். நிரந்தரமாகத் தீர மெல்லிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாலை உப்பு சங்கிலியை ஓரிரு நாளிலேயே துருவேற்றும். வீடு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துடைத்து, எண்ணெய் விட்டபின் உள்ளே போங்கள். கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி உள்ள நாளில் ஆணி பதித்த டயர் இல்லாமல் போகவே வேண்டாம்.

வாட் இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் கூட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறேன்

டிரெய்னரில் எல்லாம் சீராக ஓடுகிறது. பந்தயத்தில் ஒரு வளைவு முடிந்ததும் ஐந்து நொடி 600 வாட், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி 500. அதற்குக் கால் பழகியிருக்காது. பிப்ரவரி கடைசியிலிருந்து வாரம் ஒரு நாள் முப்பது நொடி முழு வேகம், முப்பது நொடி ஓய்வு என்று எட்டு, பத்து தடவை செய்யுங்கள்.

மற்றது கூட்டத்தில் ஓட்டும் கை. நான்கு மாதம் யார் சக்கரத்துக்கும் பின்னால் போகாதவருக்குப் பக்கத்தில் ஆள் வந்தாலே உடல் விறைக்கும். ஒவ்வொரு வளைவிலும் அரை மீட்டர் விட்டுவிட்டு, அதைப் பிடிக்கவே பலத்தைச் செலவழிப்பார். முடிந்தால் குளிர்காலத்தில் மில்டனில் உள்ள மாட்டமி தேசிய சைக்கிள் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். 2015 பான் அமெரிக்கப் போட்டிகளுக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத் தடம், வளைவில் 42 டிகிரி சாய்வு. அங்கே ஓட்டுகிற சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, பெடலை நிறுத்தவும் முடியாது. புதியவர்கள் அங்கே பயிற்சி வகுப்பு முடித்துத்தான் தடத்தில் ஏற வேண்டும். முன்னால் இருப்பவரின் சக்கரத்தை விடாமல் பிடிப்பதை அதைப்போல் சொல்லித்தருகிற இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே போக முடியாதவர்கள் மார்ச்சில் சாலை காய்ந்த முதல் ஞாயிறு காலை, காலியான வாகன நிறுத்துமிடத்தில் நண்பர் ஒருவரோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். எட்டுப் போடுங்கள், பார்க்காமல் பாட்டிலை எடுத்துத் திரும்ப வையுங்கள், தோளும் தோளும் லேசாக உரசும்படி பக்கத்தில் போங்கள். முதல் இரண்டு குழு ஓட்டத்தில் பின்வரிசையிலேயே இருங்கள். குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய மணல் வளைவுகளில் அப்படியே கிடக்கும். நகராட்சி பெருக்கி முடிக்கும்வரை எந்த வலதுபக்கத் திருப்பத்திலும் சாய்ந்து போகாதீர்கள்.